மிஷினில் தொங்கிய என் பூட்டு

இன்ஜினியரிங் படித்துக்கொண்டே கும்மிடிப்பூண்டி ஸ்டீல் ஆலையில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். முதல் வருடம்.

பழுது பார்க்க மிஷினுக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே என்று அர்த்தம்; மிஷினை யாரும் ஓட்டக் கூடாது.

இன்று மிஷினில் வேலை முடித்து வீடு திரும்பும்போது, ரயில் பொன்னேரியை நெருங்குகையில் ஃபோர்மேன் அண்ணன் போன் செய்தார்.

"எங்கம்மா கீற?"

"டிரெயின்லண்ணா."



"உன் பூட்டு இங்க தொங்குது. உன்ன மிஷினுக்குள்ள தேடிக்கினு கீறோம்மா."

பாக்கெட்டில் கை விட்டேன். சாவி இருந்தது.

இறங்கி, எதிர் ரயிலில் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன். சாவி இன்னும் கையிலேயே இருக்கிறது.

அவர் முகத்தைப் பார்த்து முதலில் என்ன சொல்வது? யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன், இன்னும் இரண்டு ஸ்டேஷன்தான்.