பூனைக்கு நான் சுற்றிய பனியன் துணி

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. அப்போது பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நானும் கணவரும் விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். எனக்கு ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் வேலை. அவர் நூல் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். பகல் முழுக்க நின்றபடியே பனியனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கால் இரண்டும் வீங்கிப் போய் வந்து கதவைத் திறந்தால், எனக்காகக் காத்திருக்கும் ஒரே உயிர் எங்கள் பூனைதான். அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணைகூடக் கிடையாது.

ஆனால் மகா பிடிவாதக்காரி. மத்தி மீனின் தலையைத் தொடாது. தட்டை ஒரு அடி தள்ளி வைத்தால் அன்றைக்கு உண்ணாவிரதம். நகத்தைத் தீட்டிக்கொள்ள அது தேர்ந்தெடுத்த இடமோ, வீட்டுக்காரம்மாவின் தேக்கு வாசல் நிலை.

ஒரு நாள் வீட்டுக்காரம்மாவே நேரில் வந்துவிட்டார். "ஏனுங், இந்த வாசல் நெலவப் பாருங்க. போன பொங்கலுக்குத்தான் பாலீஷ் போட்டது. மஞ்சள் குங்குமம் வெக்கற எடமுங்க. பூனைய எங்கயாச்சும் உட்டுட்டு வாங்க. இல்லீனா ஊட்டக் காலி பண்ணிக்கோங்க கண்ணு. பத்து நாள் டைம்."

காலி பண்ணச் சொல்லும்போதுகூட 'கண்ணு' போட்டுச் சொல்வது இந்த ஊரில் மட்டும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு வீடு பார்க்கத் தெம்பும் இல்லை, பூனையை விடவும் மனசில்லை.

பூனை பிறாண்டுவதற்கென்றே கம்பம் விற்கிறார்கள் என்று கம்பெனியில் ஒரு பெண் சொன்னாள். ஆன்லைனில் வாங்கினேன். ஒரு முழ உயரம்தான் இருந்தது. பூனை ஒரு காலை வைத்ததும் அது சாய்ந்து விழுந்தது. அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்து, கடையிலிருந்து கார்ப்பெட் ஒட்டிய பலகை ஒன்று வாங்கி வந்தேன். அதன்மேல் சுகமாகப் படுத்துத் தூங்கிவிட்டு, எழுந்து போய் நிலையைப் பிறாண்டியது. இதிலேயே ஐந்து நாள் ஓடிவிட்டது.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். துணி ரோலுக்கு நடுவில் வரும் கெட்டி அட்டைக் குழாயைக் கம்பெனியில் கேட்டு வாங்கி, ஒரு பலகையில் நிறுத்தி ஆணி அடித்தேன். சுற்றுவதற்குத்தான் இந்த ஊரில் பஞ்சமே இல்லையே! எல்லா வீட்டிலும் தலையணைக்குள், மிதியடியில், வண்டி துடைக்க என்று கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணிதான். இருப்பதிலேயே மெத்தென்று இருந்த லூப் நிட் துணியை எடுத்துச் சுற்றினேன். உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன நூல் வளையம் இருக்கும். அந்தப் பக்கத்தை வெளியே வைத்தேன். கையால் தடவிப் பார்த்தேன், அத்தனை இதம். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதே என்று அடுக்களை மூலையில் நிறுத்தினேன்.

அந்த நாட்களில் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க வீட்டுக்காரம்மா புராணம்தான். மனசு இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குத் தேக்கு மரம் இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஆறுதலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் போன் வந்தது. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் ஒடிசாப் பெண்; அக்கா என்பதற்கு 'தீதி' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். "தீதி, ஜல்தி வாங்க! பூனை கால் மாட்டிருச்சு!" அன்றைக்கு ஷிப்மென்ட், சரக்கு அனுப்பும் நாள். சூப்பர்வைசர் முறைத்த முறைப்பை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

போய்ப் பார்த்தால், அடுக்களையில் துணி நறுக்கிக் கிடந்தது. பூனை கட்டிலுக்கடியில் பதுங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா முந்தானையைக் கையில் சுற்றியபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பனியன் துணியப் போயி சுத்துவாங்களா? நகம் மாட்டித் தொங்குதுங்க! பூனைக்குச் சொரசொரன்னு கயிறு வேணுமுங்க." அவ்வளவுதான் சொன்னார், எழுந்து போய்விட்டார்.

நடந்ததை அந்த ஒடிசாப் பெண்தான் நடித்தே காட்டினாள். பூனை கத்துவது கேட்டு, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்திருக்கிறார் வீட்டுக்காரம்மா. கம்பத்தின் உச்சியில் நகம் சிக்கிப் பூனை துடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கையால் அதன் உடம்பைத் தாங்கிக்கொண்டு கூப்பாடு போட்டிருக்கிறார். இவள் ஓடி வந்து, நூல் வெட்டும் ட்ரிம்மரைத் தேடி எடுத்து, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி முடிக்கும்வரை பூனை அந்தக் கையைக் கீறித் தள்ளியிருக்கிறது. "ரத்தம் வந்துச்சு தீதி. அம்மா விடலை. விட்டா நகம் பிச்சிக்கும், சொன்னாங்க."

முந்தானையை ஏன் சுற்றியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தது சாயங்காலம் தெரிந்தது.

மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் அவரே வந்தார். கூடவே ஒரு கட்டை: குண்டடத்தில் இருக்கும் அவர் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்த கனமான வேப்பங்கட்டை, இடுப்பு உயரம், மேலிருந்து கீழ்வரை இறுக்கமாகத் தென்னங்கயிறு சுற்றியது. கையில் கட்டுப் போட்டிருந்ததால், தன் மகனைத் தூக்கிவரச் சொல்லி வாசல் நிலைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்.

"மூலைல ஒளிச்சு வெச்சா அதுக்கு எப்புடிங்க தெரியும்? எங்க பிறாண்டுதோ அங்கயே வெய்யுங்க. எந்திரிச்சா முழுசா ஒடம்ப நீட்டோணும். ஆடக் கூடாது."

பூனை ரெண்டு நாள் கௌரவம் பார்த்தது. மூன்றாம் நாள் தூங்கி எழுந்து, நேராகப் போய்க் கட்டையில் நிமிர்ந்து நின்று உடம்பை நீட்டி, கரகரவென்று பிறாண்டியது. கேட்டுக்கொண்டே நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டைக் காலி பண்ணும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவே இல்லை. எனக்குத்தான் குத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "அக்கா, உங்களப் பத்தி கம்பெனில தப்புத் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நானும் உங்களப் பத்தி நாலு பேருகிட்டச் சொல்லிட்டுத்தானுங்க இருந்தேன். போங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். முறத்தைப் பிடித்திருந்த கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கீறல்கள் ஆறியும் ஆறாமலும் இருந்தன.

உடம்பும் மனசும் அலுத்துப் போய், எதிரில் நிற்பவர்கள் எல்லோரும் கல்லாகவே தெரிந்த காலம் அது. வலிக்க வலிக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கை, இன்றுவரை யாரையும் அப்படிக் கல் என்று முடிவுகட்ட என்னை விடுவதில்லை.