அடுப்போரம் வைத்த பிளேயர்

முருகேசண்ணன் சாக்குப் பையிலிருந்து வி.சி.டி. பிளேயரை எடுத்து, நான் மெக்கானிக்காக இருந்த குன்னூர் ரிப்பேர் கடையின் மேசையில் வைத்தார். அவர் ஓர் எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். பிளேயர் மேனேஜருடையது. மேனேஜர் கோவை போயிருந்த சமயம், முருகேசண்ணன் தன் மகளின் கல்யாண சி.டி.யைப் பார்க்கப் பங்களாவிலிருந்து கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறார். எந்த டிஸ்கைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’ என்றே காட்டியது.

“ஏனுங்க தம்பி, சாயங்காலம் மேட்டுப்பாளையம் போயி, ரயில்ல வர்ற மேனேஜர் அய்யாவக் கூட்டியாரோணுங்க. அதுக்குள்ள இது பங்களாவுல இல்லைன்னா என் வேலை போச்சுங்க. தேயிலை வெலை உழுந்ததுலருந்து ஆளக் கொறைக்கச் சாக்குத் தேடிட்டிருக்கறாங்க.”

இளைய மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஸ்கில் படம் பதிந்த பாதையான ட்ராக் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதைத் தொடர்ந்து போக, லேசர் ஒளி மூன்றாகப் பிரிகிறது. நடுக்கதிர் படிக்கும். மற்ற இரண்டும் ட்ராக்கின் இரு ஓரங்களையும் தொட்டபடி போகும். அவை இரண்டிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சம் சமமாக இருந்தால் பாதை சரி. ஒன்றில் கூடினால் லென்ஸ் விலகிவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு சிறு கம்பிச் சுருள் அதைத் தள்ளித் திருப்பும். வெளிச்சமே திரும்பாவிட்டால் டிஸ்க் இருப்பதே மெஷினுக்குத் தெரியாது.

மூடியைக் கழற்றினேன். லென்ஸ் மேலும் கீழும் தேடிவிட்டு நின்றுபோனது. துடைத்தும் பலனில்லை. கடை முதலாளி எட்டிப் பார்த்தார்.

“பிரீசெட்டக் கொஞ்சம் ஏத்தி உடுப்பா. படிச்சிரும்.”

பிரீசெட் என்பது லேசரின் பவரைக் கூட்டும் குட்டித் திருகு. அளவு மீறினால் லேசர் எரிந்துவிடும். லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப் புதிதாகக் கோவையிலிருந்துதான் வர வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். முருகேசண்ணன் என் விரலையே பார்த்தார். அவர் பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. நேரத்தைக் கடத்தத்தான் கேட்டேன்.

“எப்படிண்ணா கொண்டுபோனீங்க?”

“தொறந்த ஜீப்புலதானுங்க. ஒரே பனி, மிஸ்டுங்க. ஊட்டுக்குப் போனா ஐஸாட்டம் இருந்துது. சூடு காட்டலாம்னு அடுப்போரம் வெச்சனுங்க. சோறு கொதிச்சிட்டிருந்துது.”

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். சோற்று ஆவி, குளிர்ந்த பிக்கப்பின் உள்ளே போய்ப் படிந்திருக்கிறது. துணி எட்டாத இடம் அது. எங்கள் ஊர்க் குளிரில் தானாகவும் காயாது. அதன் சூட்டில் ஈரம் காயட்டும் என்று மேசை விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து எரியவிட்டேன்.

திருகைத் திருப்புவதைவிடக் காத்திருப்பது பயமாக இருந்தது. அவர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். என் கணிப்பு தப்பினால் ஒரு குடும்பத்தின் சோறு போய்விடும். மதியம் தாண்டியபின் அவர் கொண்டுவந்த கல்யாண டிஸ்கைப் போட்டேன். சுற்றியது. படம் முதலில் தத்தித் தத்திக் குதித்தது, பிறகு சீராக ஓடியது. மகளின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. பிளேயரை வாரிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்.

பயந்துபோனவர் எதிரில் நிற்கும்போது பிரீசெட்டைத் தொடாதீர்கள். பொருள் எங்கே இருந்தது, எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். அன்று நான் கற்றது இதுதான்.

மறுநாள் அவர் வந்தார். வேலை தப்பியதா என்று கேட்டேன்.

“மனசு கேக்கலீங்க தம்பி. மலை ஏறறப்ப நானே அய்யாகிட்டச் சொல்லிப்போட்டேன். அவரு கோவிச்சுக்கவே இல்லீங்க. ‘எஸ்டேட்டையே மூடறதாப் பேசிட்டிருக்காங்க முருகேசா. எனக்கே வேலை இருக்குமான்னு தெரியல, நீ பிளேயரப் பத்திச் சொல்றியே’ன்னாருங்க.”

ஜீப்பை நோக்கித் திரும்பியவர் சொன்னார்.

“அதக் கேட்டப்பறந்தானுங்க எனக்கு நெசமாலுமே பயம் வந்துச்சு.”