முடிவு வைக்காத பாட்டு

இன்று காலை பிரஷர் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் எங்கள் பாட்டு வந்து சேர்ந்தது. ஈப்போவில் பதிவு செய்துகொடுத்த சீனர் அனுப்பியிருந்தார். உடனே கேட்கத் துணிவு வரவில்லை. ஒரு கோப்பி கலக்கிக் குடித்தேன்.

யார் நாங்கள் என்று கேட்பீர்கள். மூன்று பேர். அந்தோணி பாடுவான், செல்வம் டிரம்ஸ், நான் கித்தார். மலேசியாவில் தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் சீவியவர்களின் பிள்ளைகள். அப்போதெல்லாம் தோள்வரை முடி, தரையைக் கூட்டும் பெல்பாட்டம். அந்த முடியில் கால்வாசி இன்று இருந்தாலும் போதும் எனக்கு.

பதிவுக்காகக் கித்தார் பையைத் திறந்தபோது, புளித்த ரப்பர் பாலின் வாடை அடித்ததாகத் தோன்றியது. மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "பாலுமில்ல ஒன்னுமில்ல, எலிப் புழுக்க," என்றாள். இருக்கலாம். ஆனால் நாங்கள் பயிற்சி செய்தது பால் ஸ்டோருக்குப் பின்னால்தான். அந்த வாடை சட்டையில் ஏறினால் லேசில் போகாது. எங்களை ரசித்த பெண்களும் சற்றுத் தள்ளி நின்றுதான் ரசித்தார்கள்.

திருவிழா, கல்யாணம் எதுவென்றாலும் லயத்துக்கு, அதாவது எங்கள் வீட்டு வரிசைக்கு, முன்னாலிருந்த திடலில் வாசிப்போம். மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரில் வருவது. நேரமானால் நிறுத்திவிடுவார்கள், பாட்டு நடக்கிறதா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். நாங்களே இயற்றிய ஒரே பாட்டைக் கடைசிக்கு வைத்திருப்போம். அது பாதியில் இருக்கும்போதே விளக்கு போகும், கித்தார் ஊமையாகும், மைக் செத்துவிடும். அந்தோணி நிறுத்தமாட்டான். வெறுந்தொண்டையில் பாடிக்கொண்டே லயத்தைப் பார்த்து நடப்பான். சனம் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே பாடிப் போகும். ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தும். கடைசி வீடு அவனுடையது. அங்கே போய்த்தான் பாட்டு ஓயும். அதனால் அதற்கு முடிவு என்று ஒன்றை நாங்கள் யோசித்ததே கிடையாது.

பிறகு தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனை எண்ணெய்க்கு மாறியது. நாங்கள் ஆளுக்கொரு திசை. செல்வம் பஸ் ஓட்டினான், நான் ஈப்போவில் ஓர் இரும்புக்கடையில் தேய்ந்தேன். இந்த வருசத் தொடக்கத்தில் அந்தோணி கூப்பிட்டான். தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுக்கப் போகிறார்களாம். "அதுக்கு முன்ன ரெக்கார்ட் பண்ணிடுவோம் மச்சான். என் சத்தம் எங்கியாச்சும் இருக்கட்டும்லா," என்றான்.

பதிவுக்கூடம் கடைவீட்டு மாடியில். படி ஏறியதிலேயே மூவருக்கும் மூச்சு வாங்கியது. பாட்டு நன்றாகத்தான் போனது. ஆனால் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர நிற்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சீனர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மலாயில் கேட்டார்: "ஹாபிஸ் மாச்சாம் மானா?" பாட்டு எப்படி முடிகிறது என்று. மின்சாரம் போகாத இடத்தில் நாங்கள் அதை வாசித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செல்வம், "டமார்னு ஒரு அடி போட்டு நிறுத்திடுவோம்லா," என்றான். செய்தோம். கல்யாண மண்டபத்தில் கேக் வெட்டியதுபோல் இருந்தது. சீனர், மெல்லச் சத்தத்தைக் குறைத்துவிடலாம் என்றார். அந்தோணி தலையாட்டவில்லை. அவன் குரல் கிழியத் தொடங்கியிருந்தது. இன்னொரு தடவைதான் தாங்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"இந்தவாட்டி பாதியில கித்தார் வயரப் புடுங்கிடுங்க. நான் பாத்துக்கிறேன்," என்றான் அந்தோணி.

பிடுங்கினோம். அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, பாடிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே நடந்தான். செல்வம் குச்சியைப் போட்டான். நாங்களும் பாடிக்கொண்டு பின்னால் போனோம். படியிறங்கிக் கடை வாசலுக்கு வந்தபோது, மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். சீனர் கருவியை நிறுத்தவில்லை, நல்ல மனுசன்.

காலையில் ஒருவழியாகக் கேட்டேன். அவன் குரல் சிறுத்துச் சிறுத்துப் படியில் இறங்குகிறது. கூடவே இரண்டு கிழட்டுக் குரல்கள். பிறகு ஒன்றுமில்லை. அப்படியே அந்தோணிக்கு அனுப்பினேன். குரல்வளையை எடுத்த ஆப்பரேசன் முடிந்து வீட்டில்தான் இருக்கிறான். கேட்டுவிட்டான் போலிருக்கிறது, வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுந்தது. அவன் எதற்கும் எழுதிப் பதில் போடுகிறவன் அல்ல; நல்லதோ கெட்டதோ, உடனே கூப்பிட்டு "டேய்" என்றுதான் ஆரம்பிப்பான். பழக்கதோஷம், போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.