முடிவை முன்பே கேட்டுக்கொண்டு பார்த்த படங்கள்

முதன்முதலில் மூச்சு வாங்கியது தேயிலைச் சரிவில். தினமும் ஏறும் மேடுதான். கூடையில் பாதிக் கொழுந்துகூட இல்லை, நடுவில் நின்றுவிட்டேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சோம்பேறி உடம்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு படுத்தால் இருமல் வந்தது. இரண்டு தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் தூக்கம். இந்த அறிகுறி உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ இருந்தால், என்னைப்போல் எட்டு மாதம் இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் எங்களுக்கு மருந்து கொடுப்பவர் டிரஸர். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"இதயத்துல சத்தம் சரியில்ல, பாக்கியம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு. அதுவரைக்கும் மேடு ஏறக்கூடாது, மனசு அதிரக்கூடாது."

நீர் மாத்திரை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) கொடுத்தார். இருமல் குறைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் முனியாண்டியோ டிரஸர் சொன்னதில் "மனசு அதிரக்கூடாது" என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதில் மாட்டிக்கொண்டது என் ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட் மண்டபத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ஞாயிறு மதியம் பழைய ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். கொலை, காணாமல் போனவர்கள், பூட்டிய அறைகள். பெரும்பாலும் நாவல்களிலிருந்து எடுத்தவை. கீழே ஓடும் மலாய் எழுத்தை நான் கூட்டி வாசிப்பதற்குள் அது போய்விடும். முகங்களைப் பார்த்தே மீதியைப் புரிந்துகொள்வேன். எனக்கு அவற்றின்மேல் அப்படி ஒரு பைத்தியம்.

"நீ வரவேணாம்லா. திடுதிப்புனு எவனாச்சும் கத்துவான், உனக்கு ஏதாச்சும் ஆயிரும்" என்றார்.

"வாரம் பூரா இதுக்குத்தாங்க காத்துக் கிடக்கேன். இதையும் நிறுத்திட்டா நான் எதுக்கு இருக்கணும்?"

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார் வீட்டில் அலமாரி நிறைய ஆங்கில நாவல்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரர் அந்த வாசலில் போய் நிற்பார். "ஐயா, நாளைக்குப் போடுற படத்துல கொலகாரன் யாருங்க?" மறுநாள் மண்டபத்துக்குள் நுழையுமுன் என் காதில் அதைச் சொல்லிவிடுவார். முடிவு தெரிந்தால் மனசு அதிராதாம்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஆத்திரம். சாப்பிடுமுன் இலையை எடுத்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். யார் என்று தெரிந்துவிட்டதால், எப்படி என்று பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. கொலைகாரன் முதல் காட்சியிலேயே கையுறையைக் கழற்ற மறந்து தேநீர்க் கோப்பையை எடுப்பான். ஒரு கதவை மட்டும் எல்லோரும் சுற்றிப் போவார்கள். படம் எடுத்தவர்களின் பொறுமையை நினைத்து வியந்துபோவேன். மழையில் ஆன்டெனா ஆடிப் படம் கோடு கோடாகப் போனாலும் நான் எழுந்ததில்லை.

பிறகு அந்தப் படகுத்துறைப் படம் வந்தது. அக்கா, தங்கை, அவர்கள் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் வக்கீல். தங்கையைக் கொல்லப் பார்ப்பவர் யார் என்பதுதான் கதை. வக்கீல் என்று கிராணியார் சொல்லியிருந்தார். பனிமூட்டத்தில் அக்கா தங்கையின் கையைப் பிடித்துப் பலகைப் பாலத்தில் கூட்டிப்போகிறாள். வக்கீல் பின்னால் ஓடி வருகிறான். அக்கா கூட இருக்கிறாள், இனி பயமில்லை என்று நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பலகையின் முனையில் அக்கா நின்றாள், தங்கையைப் பார்த்துச் சிரித்தாள், கையை விட்டாள்.

என் நெஞ்சு தறிகெட்டு ஓடியது. மூச்சு உள்ளே போகவில்லை. வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. என்னை எஸ்டேட் ஜீப்பில் ஏற்றும்போது கிராணியார் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார். "புஸ்தகத்துல வக்கீல்தாம்மா. படத்துல மாத்திப்புட்டானுங்க." அந்த நிலையிலும் எனக்கு அது கேட்டது.

ரிங்லெட் தாண்டித் தாப்பா ஆஸ்பத்திரி, அங்கிருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி. தமிழ் பேசும் டாக்டரம்மா விளக்கினார். சின்ன வயதில் எனக்கு ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவது) வந்திருக்கிறது. அதனால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள கதவு) சுருங்கிவிட்டது.

"படம் ஒரு சாக்குதான்மா. அன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாள் மேட்டுல விழுந்திருப்பீங்க. ஆபரேஷன் பண்ணி அந்தக் கதவை விரிச்சு விடணும்."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "டாக்டரம்மா, முடிவு என்னான்னு முன்னுக்கே சொல்லிருங்க."

"எனக்கே தெரியாதுங்க. நல்லா வரும்னு நம்புறேன். அதுக்கு மேல சொன்னா பொய்யாயிரும்."

என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் அழுதார். எனக்கும் பயம்தான். வீட்டுக்கே போய்விடலாம் என்று வாய் வரை வந்தது. அப்போது கிராணியார் நினைவுக்கு வந்தார். புத்தகத்தையே படித்த மனிதர், அவருக்கே முடிவு தப்பிப்போனது. தெரிந்துகொண்டு போகிற முடிவு எங்கும் இல்லை என்று பட்டது. தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இடப்பக்க விலாவைத் திறந்து வால்வை விரித்தார்கள். விழித்தபோது வலியில் உயிர் போனது. ஆனால் மூச்சு அடி வரை இறங்கியது. அவ்வளவு ஆழமாக மூச்சுக்கு இடம் இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். ஐந்தாம் நாள் ஒரே தலையணையில் தூங்கினேன்.

வீடு திரும்பிய பிறகும் பல வாரம் நெஞ்சில் கை வைத்தபடியே கிடந்தேன். ஒவ்வொரு துடிப்பையும் எண்ணினால் ஒரு மதியம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் மாதம் அந்த மேட்டில் நிற்காமல் ஏறினேன். உச்சிக்குப் போன பிறகுதான், வழியெல்லாம் நெஞ்சைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது உறைத்தது.

அந்த ஞாயிறு மண்டபத்துக்குப் போனோம். வாசலில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் காதருகே குனிந்தார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

"சொல்லாதீங்க."

படம் முழுக்க அவர் என் கையை விடவில்லை. முடிவு தெரிந்த அவருக்குத்தான் உள்ளங்கை வியர்த்தது. கடைசியில், அதுவரை பூட்டியே கிடந்த மாடி அறைக் கதவு திறந்தது. என் நெஞ்சு துள்ளி எழுந்தது. தையல் போட்ட இடத்தில் கை வைத்துக்கொண்டேன். படபடவென்று ஓடியது, பிறகு மெல்ல மெல்லத் தானே நடைக்குத் திரும்பியது.

"பயந்துட்டியா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "நல்லா பயந்துட்டேன்."