ஒரு மூடி லாந்தனம்

என் மதினிக்குத் தலைதட்டி அளக்க வராது. தென்காசிப் பக்கத்தில் எங்கள் வீடுகளில் யாருக்கும் அரிசியைக் கும்பாரமாகத்தான் அளந்து போடுவோம். தட்டி அளந்தால் கஞ்சப் பிசினாறி என்று பேராகிவிடும். அண்ணன் கேரளத்துக்கு லாரி ஓட்டுகிறான். வயல் முழுக்க மதினியின் பொறுப்பு. அவள் வயலில் இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குற்றாலத்தில் சாரல் பிடித்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், உரக்கடையிலிருந்து புதுசாக வந்த பயிர் ஊக்கி மருந்து ஒரு பாட்டில் வாங்கிவந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவன் என்று என்னிடம் நீட்டினாள். லாந்தனம், சீரியம் என்று போட்டிருந்தது. பாடத்தில் நாங்கள் ஒரே வரியில் தாண்டிப்போகிற அரிய மண் தனிமங்கள்.

"மதினி, இது துளியூண்டு இருந்தா வேர் நல்லா ஓடும்ங்காவ. கூடிட்டுன்னா வேரையே சுருக்கிரும். மண்ண விட்டும் லேசுல போவாது. அடிக்கிற டேங்குக்கு ஒரு மூடிதான்."

"எனக்குத் தெரியாதாக்கும்!"

நாற்றங்காலுக்கு அடித்தாள். மூடி நிறைந்த பிறகும் அவள் கை பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் சாய்த்திருக்கிறது. இலை கரும்பச்சையாக நின்றதைப் பார்த்துப் பூரித்துப்போய், பக்கத்து வயல் பாயிடமும் பெருமையடித்தாள். துபாயிலிருந்து திரும்பி விவசாயம் பார்க்கிற மனிதர். அவரும் ஒரு பாட்டில் வாங்கிவிட்டார்.

ஒரு காலையில் மதினி ஒரு பிடி நாற்றைப் பிடுங்கினாள். வேர் கட்டையாகப் பழுப்பேறிக் கிடந்தது. நட்டால் பிடிக்காது. அந்த நேரம் பார்த்துப் பாய் முதுகில் டேங்கோடு அவர் நாற்றங்காலில் இறங்கிக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் போனில் நைசாகச் சொல்லியிருப்பேன். அவள் நாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, களை பறிக்கும் பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்க, வரப்பில் ஓடினாள்.

"பாய், அடிக்காதீய! நான் மூடிக்கு மேல ஊத்திட்டேன். பாருங்க, என் நாத்து போச்சு!"

"அளவா ஊத்துனா சரிவரும்லா?"

"நம்ம கைக்கு அளவு தெரியாது பாய். மண்ணுல விழுந்தத திருப்பி அள்ள முடியுமா?"

அவர் டேங்கை இறக்கிவைத்தார். அதன் பிறகுதான் மதினி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பாய் தன் வயலில் நட்டு மிஞ்சிய நாற்றைக் கொடுத்தார்; அது அவளுடைய பாதி வயலுக்குத்தான் வந்தது. மீதி அந்தப் பூவில், அந்தப் போகம் முழுக்க, தரிசாகவே கிடந்தது. வழியில் போகிறவர்கள் ஏன் என்று கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம், "நான்தான் மருந்தக் கூட ஊத்திக் கெடுத்தேன்" என்று பாட்டிலின் பேரையும் சேர்த்துச் சொன்னாள். பக்கத்தில் பாய் வயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது.