நான் ஏற்றிய ட்ரெபிள்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து ஓர் இணைய வானொலி ஒலிபரப்பாகிறது. என் நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து தொடங்கியது. அவர் ஒலிமுகமதுபேட்டைக்காரர், குடும்பத் தொழில் சரிகை வியாபாரம். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம் என்றாலும், தெருவே கூப்பிடுவதுபோல நானும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். மைக் முன்னால் பேசுவது அவர் வேலை. அந்தப் பேச்சும் நடுநடுவே போகும் பாட்டும் கேட்பவர் காதில் எப்படி விழவேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது.

அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. பழைய பாட்டு ஒன்று சன்னமாகப் போகும், அடுத்தது காதைப் பிளக்கும். பாய் முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் குரல் எங்கோ அடியில் போய்விடும். இதையெல்லாம் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு மென்பொருள் உண்டு. ஒலியை அடி, நடு, உச்சம் என்று பிரித்து, தாழ்ந்ததைத் தூக்கி, எகிறுவதை அழுத்தி, மறுபடி ஒன்றாக்கி அனுப்பும். எவ்வளவு தூக்குவது, எவ்வளவு அழுத்துவது என்பதை ஒரு மனிதன் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அமைக்கவேண்டும். துபாயில் சமையற்கட்டில் நின்றுகொண்டு குறைந்த டேட்டாவில் கேட்கிறவருக்கு ‘ச’வும் ‘ஸ’வும் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் கொழகொழத்துவிடும். அதை நிமிர்த்துவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. வெளியூர்களில் சிறிய வானொலி நடத்துகிறவர்கள் சிலர், தங்கள் கணினியை இங்கிருந்தே திறக்கவிட்டு, என்னிடம் அமைத்துத் தரச்சொல்வார்கள். அதுதான் என் பிழைப்பு.

கீழே மனைவி தறியில் இருப்பாள். பக்கத்தில் போனை மாட்டி எங்கள் வானொலியைத்தான் வைத்திருப்பாள். காலை நிகழ்ச்சியில் பாய் ஊர்ச்செய்தி சொல்வார். தாமல் ஏரியில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, எந்தத் தெருவில் இன்று கரண்ட் இருக்காது, கருடசேவைக்கு பஸ்களை எந்த வழியாகத் திருப்பிவிடுகிறார்கள் என்றெல்லாம். ஊரைவிட்டுப் போனவர்கள் அதைக் கேட்பதற்காகவே வருவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. டிபி என்றார்கள். மாத்திரை சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனது. மறுபடி சளியைச் சோதித்துவிட்டு, இது வழக்கமான மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை என்றார்கள். இப்போது அதற்கும் பெரும்பாலும் மாத்திரையே வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு வந்தபோது தினமும் ஊசி போட்டார்கள். வாந்தி வரலாம், மூட்டு வலிக்கலாம், பார்வை மங்கலாம், காதில் ஏதாவது சத்தம் கேட்டால் உடனே சொல்லுங்கள் என்று மருத்துவர் முதல் நாளே சொன்னார். எனக்கு வாந்தி வந்தது. அந்த வாந்தியில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

மகளை மாகறலில் மாமியார் வீட்டுக்கு அனுப்பினோம். நான் மாடியறையிலேயே இருந்தேன். மனைவி சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். பாய் தன் வீட்டிலேயே ஒரு மைக் வைத்துக்கொண்டு அங்கிருந்து பேசினார். அவர் குரல் கம்பியில் வந்து என் கணினியில் சீராகி வெளியே போகும். படுத்துக்கிடந்த மாதங்களில் எனக்கு மிஞ்சியிருந்தது அந்த வேலை மட்டும்தான். ஊசி போட்டுக்கொண்டு வந்து, கொஞ்சநேரம் சுருண்டு கிடந்துவிட்டு, ஹெட்போனை எடுத்து மாட்டுவேன்.

அப்போதுதான் அந்தக் கீச்சொலி ஆரம்பித்தது. மெல்லியதாக, அறுபடாமல், உச்சத்தில் ஓடுகிற ஒரு கோடு மாதிரி. வயரில் கோளாறு என்று நினைத்தேன். கேபிள்களை மாற்றினேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் புதிதாக இறக்கினேன். இன்வெர்ட்டரைக் கழற்றித் தனியே வைத்தேன். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், ஃபேன் நின்று, அறையில் எந்தப் பொருளுக்கும் உயிரில்லாமல் இருந்தபோதும் அது கேட்டது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடவே ஒலிபரப்பும் மந்தமாகிவிட்டது. பாய் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. மென்பொருளுக்கு அண்மையில் ஒரு புதிய பதிப்பு வந்திருந்தது. அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு, ட்ரெபிள் என்கிற உச்சப்பகுதியைக் கொஞ்சம் தூக்கினேன். சில நாள் நன்றாக இருந்தது, மறுபடி மந்தம். மறுபடி தூக்கினேன். என்னை நம்பியிருந்த மற்ற வானொலிகளிலும் அதையே செய்தேன். பழைய அமைப்பின் மேலேயே புதியதைச் சேமிப்பது என் வழக்கம். நேற்றையதைவிட இன்றையது மேல் என்ற நிச்சயம் எனக்கு எப்போதும் இருந்தது.

நேயர்களிடமிருந்து செய்திகள் வரத்தொடங்கின. பேச்சு கூசுகிறது, கிண்ணத்தில் கரண்டியைத் தேய்ப்பதுபோல இருக்கிறது என்று எழுதினார்கள். மலிவான இயர்போனில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று பதில் எழுதினேன். பாயிடமும் அதையே சொன்னேன். அவர் பேசும்போது தன் குரலை நேராக மைக்கிலிருந்தே கேட்பவர். வெளியே போவதை அவர் கேட்டதில்லை. என் பேச்சை அப்படியே நம்பினார்.

சளியில் கிருமி இல்லை என்று வந்தபிறகு நான் கீழே இறங்கலாம் என்றார்கள். ஊசி இன்னும் பாக்கி இருந்தது. இறங்கி வந்த அன்று காலை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்த நேரம். மனைவி தறியில் இருந்தாள், போன் வழக்கமான இடத்தில் தொங்கியது, ஆனால் அணைந்திருந்தது. ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். தலைவலி என்றாள். மறுநாளும் அணைந்திருந்தது. அதற்கு மறுநாள் விடாமல் கேட்டேன். அவள் கையிலிருந்த தறிநாடாவை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ரொம்ப நாளா நான் வெக்கறதில்லீங்க. பாய் பேசறப்போ காதுல ஊசி எறக்கற மாதிரி இருக்குது. நீங்க உடம்பு முடியாம மேல ஒக்காந்துக்கினு செய்றீங்க. இதுல நான் வேற எதுக்கு சொல்றதுன்னு உட்டுட்டேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு மேலே போனேன். போய் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியை மறுபடி கேட்டேன். எந்த ஊசியும் இல்லை. கொஞ்சம் மந்தமாகக்கூட இருந்தது.

அன்று பிற்பகல் பாயை வரச்சொன்னேன். அவள் சொன்னது தப்பு என்று அவர் வாயால் கேட்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கருவியில் கோளாறா என்று பார்த்துவிடுவோம் என்று நான் ஒரு சோதனை ஒலியைப் போட்டேன். தாழ்ந்த ஒலியில் தொடங்கி மெதுவாக ஏறிக்கொண்டே போகும் ஒற்றைத் தொனி அது. ஸ்பீக்கரில் விட்டேன். உறுமலாக ஆரம்பித்தது, புல்லாங்குழல்போல ஆனது, விசில்போல ஆனது, சன்னமாகி நின்றது.

நான் பாயைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு காதைப் பொத்தியிருந்தார்.

“நின்னுடுச்சா பாய்?”

“நிக்கலப்பா. ஏறிக்கினேதான் இருக்குது.”

திரையில் மீட்டர் உச்சியைத் தொட்டு நின்றது. ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். பாய் என் கையை நகர்த்திவிட்டு அவரே அதை அணைத்தார். அணைத்த பிறகு என் காதில் மிச்சமிருந்தது அந்தக் கீச்சொலி மட்டும். எத்தனை மாதம் அதை வயரில் தேடியிருந்தேன் என்று அவருக்கும் தெரியும். எர்த் கம்பி இறக்க ஆளை அனுப்பியதே அவர்தான். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பாயே என்னைக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் சொன்னார். ஊசியை உடனே நிறுத்தினார்கள். சென்னையில் காதைச் சோதித்தார்கள். அங்கே கொடுத்த வரைபடத்தை எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் அடித்தொனி, வலது பக்கம் உச்சம்; நான் வருஷக்கணக்காக இழுத்து இழுத்து வளைத்த அதே கோடு. பாதிவரை சமமாக வந்து, அங்கிருந்து கிணற்றில் விழுந்ததுபோல இறங்கியிருந்தது. போனது திரும்பாது என்றார் பரிசோதித்த அம்மாள். ஊசியை நிறுத்தியும் கொஞ்சகாலம் இன்னும் போகலாம் என்றார். அப்படியே போனது.

காதுக் கருவி வாங்கி மாட்டினேன். அது இருக்கிற ஒலியைப் பெரிதாக்கியது. இல்லாததைத் தூக்க முடியாது என்பது என் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ளும் விஷயம்.

மற்ற வானொலிக்காரர்களுக்கு எழுதி நடந்ததைச் சொன்னேன். ஒருவர் வருந்திப் பதில் எழுதினார். ஒருவர் பதிலே போடவில்லை. மலேசியாவிலிருந்து ஒருவர், நான் செய்ததைத் தாங்கள் எப்போதோ மாற்றிவிட்டதாகவும், உடம்பு சரியில்லாதவர் மனம் நோகக்கூடாது என்று சொல்லாமல் விட்டதாகவும் எழுதியிருந்தார். என் மனைவி சொன்னதே வேறொருவர் எழுத்தில் வந்திருந்தது.

எங்கள் வானொலியையாவது பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பாய் மறுபடி எங்கள் மாடியறைக்கே வந்து பேசத் தொடங்கியிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லவேண்டும், நான் திரையைப் பார்த்து அமைக்கவேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாளே சரிவரவில்லை. தூள் பறக்கிற மாதிரி இருக்கிறது என்பார். என்ன தூள், மேலேயா நடுவிலேயா என்று கேட்பேன். அவர் திணறுவார். நான் குரலை உயர்த்துவேன், எவ்வளவு உயர்த்துகிறேன் என்று எனக்கே தெரியாமல். சில நாள் பொறுத்துவிட்டு ஒருநாள் அவர் எழுந்துகொண்டார்.

“எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாதுப்பா. நல்லாருக்குது, நல்லால்ல, அவ்ளோதான் தெரியும். நீ என்னிய வெரட்டுற.”

அடுத்த வாரம் நான் காதுக் கருவியைச் சரிசெய்யச் சென்னை போயிருந்தபோது, அந்த மென்பொருளிலேயே ஆயத்தமாக வரும் அமைப்புகளில் பேச்சுக்கு உரியதைப் பாய் தேர்ந்தெடுத்துவிட்டார். ஒரே ஒரு தட்டு. திரும்பி வந்ததும் அவரே சொன்னார், மறைக்கவில்லை. நேயர்கள் அனுப்பிய செய்திகளையும் காட்டினார். இப்போது அருமையாக இருக்கிறது, என்ன மாற்றினீர்கள், இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள். சிலர் முன்பு இருந்ததைவிடவே மேல் என்றார்கள். எந்த முன்பு என்று எனக்குத் தெரியவில்லை. நான் கெடுப்பதற்கு முன்பா, அதற்கும் முன்பா? கேட்டு ஒப்பிட என்னிடம் காதும் இல்லை, பழைய அமைப்பும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகச் சேமித்து எல்லாவற்றையும் நானே அழித்திருந்தேன்.

நல்லது பாய், அதுவே இருக்கட்டும் என்றேன். அவர் மகள் கல்யாணத்தைப் பற்றியோ எதையோ சொல்ல ஆரம்பித்தார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அவர் நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். முன்பெல்லாம் டீ குடித்துவிட்டுத்தான் போவார். இப்போது வீட்டில் வேலை இருக்கிறது என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம்.

டிபி போய்விட்டது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மருத்துவர் சந்தோஷமாகச் சொன்னார். அவர் முகக்கவசம் போட்டிருந்ததால் உதடு தெரியவில்லை. மனைவி என் பக்கம் திரும்பி அதையே உரக்கச் சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் கை கூப்பினேன்.

இப்போது நான் பாட்டுகளை வரிசைப்படுத்துகிறேன், சர்வர் நின்றால் எழுப்புகிறேன். மீதி நேரம் சரிகைக் கண்டுகளைப் பிரித்து அடுக்க பாயின் கடைக்குப் போகிறேன். அங்கே வருகிறவர்கள் பேசுவதில் பாதிதான் புரியும். பட்டு, தட்டு, கட்டு எல்லாம் எனக்கு ஒன்றுதான். முகத்தைப் பார்த்து, கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஊகித்துக்கொள்வேன். தவறிவிட்டால் சிரிப்பேன்.

மகள் மாகறலிலிருந்து வந்துவிட்டாள். அவள் குரல் சிறுசிலிருந்தே மெலிசு. நேராக நின்று, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேச அவளைப் பழக்கியிருக்கிறாள் அவள் அம்மா. சாப்பாடு ஆயிற்றா, ஃபீஸ் கட்டவேண்டும், யாரோ வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்படி என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

போன வாரம் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் தறிப் பக்கம் உட்கார்ந்து அம்மாவிடம் எதையோ கடகடவென்று சொன்னாள். கையை ஆட்டி யாரையோபோல நடித்துக் காட்டினாள். மனைவி தறியை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் எதிரில் நாற்காலியில் இருந்தேன். என்னம்மா என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மகள் எழுந்து என் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொன்னாள்.

“ஒண்ணும்... இல்லப்பா.”