பாட்டு மாறிய வீடு

ஏழு வருடமாக ஒரு பாட்டுப் பெட்டியைப் பராமரித்து வருகிறேன். பெட்டி என்றால் கண்ணால் பார்க்கும் பெட்டி இல்லை, ஒரு நிரல். வீட்டு மூலையில் ஒரு சின்னக் கணினியில் அதைப் போட்டுவிட்டால், அதில் இருக்கும் பாட்டையெல்லாம் எங்கே இருந்தும் போனில் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். ஆரம்பித்தவர் முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் சலித்துப்போய் விலகிக்கொண்டார். கையைத் தூக்கிய நான் மாட்டிக்கொண்டேன். நன்றி எப்போதாவது வரும், புகார் தினமும் வரும்.

பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. மன்னார்குடியில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் அடுப்படி. நடுவில் எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே பாட்டுப் பெட்டி. அலுப்பாக இருக்கிறது என்று வாயைத் திறந்தால், "யாரு உன்ன இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கச் சொன்னா?" என்பார் என் கணவர். நியாயமான கேள்விதான். அதனால்தான் எரிச்சல் வரும்.

முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் பிறந்த ஊரில் என் தம்பி ரேடியோ செட் வைத்திருக்கிறான். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, சாவு என்று எது நடந்தாலும் அவனைக் கூப்பிட்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டச் சொல்வார்கள். பாட்டெல்லாம் பென்டிரைவ்களாக ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. எது எதில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. நான்தான் வம்படியாக எல்லாவற்றையும் ஒரு சின்னக் கணினியில் ஏற்றி, என் நிரலைப் போட்டு, அவன் வீட்டில் வைத்தேன். அவனிடம் இரண்டு செட் உண்டு. ஒன்றை அவனும் இன்னொன்றை அவனுடைய கூட்டாளியும் ஓட்டுவார்கள். இரண்டு பேர் போனிலும் என் நிரல். "எங்க அக்கா எழுதுனது" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரே நேரத்தில் பல பேர் பாட்டுக் கேட்டால், நிரல் தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்துக்கொள்ளும். ஆளுக்கொரு இழை. ஆனால் எல்லா இழைக்கும் பொதுவாகச் சில இடங்கள் இருக்கும். அங்கே ஒருவர் உள்ளே போனால் பூட்டிக்கொள்ள வேண்டும், வெளியே வரும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். கல்யாண மண்டபத்துக் குளியலறை மாதிரிதான். தாழ்ப்பாள் இருந்தால் வரிசை நீளும், இல்லாவிட்டால் மானம் போகும்.

போன வருடம் சித்திரையில், பாட்டு விட்டு விட்டு வருகிறது என்று எங்கெங்கோ இருந்து புகார் குவிந்தது. நான் உட்கார்ந்து பார்த்து, பூட்டுகள் அதிகம் என்று முடிவு கட்டினேன். "அடுத்த பாட்டு எது?" என்று போன் கேட்கும்போது, பதில்களை எழுதிப் போட்டு எடுக்க நிரலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு இடம் இருந்தது. அந்த இடத்துக்கு ஒரு பூட்டும் இருந்தது. எழுதி எடுக்க ஒரு கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது, அதற்குள் யார் வந்துவிடப் போகிறார்கள் என்று பூட்டை எடுத்துவிட்டேன். என் ஒரு போனை வைத்துச் சோதித்தேன். சிட்டாகப் பறந்தது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். தம்பி வீட்டுக் கணினியிலும் அன்றைக்கே மாற்றிப் போட்டேன்.

வைகாசியில் ஒரு நாள். எங்கள் ஊரில் ஒரு காதுகுத்து, பக்கத்து ஊரில் ஒரு சாவு. காதுகுத்துக்குக் கூட்டாளி போனான், சாவு வீட்டுக்குத் தம்பி. இறந்தவர் வயதானவர்தான், ஆனாலும் சாவு சாவுதானே. காலையில் இருந்து ஒப்பாரிப் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தி வாய்க்கரிசி போடும் நேரம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றத் தம்பி அந்தச் சாவு வீட்டின் பின்பக்கம் போயிருந்தான். அப்போது ஒரு பாட்டு முடிந்தது. அங்கே காதுகுத்து வீட்டிலும் அதே நொடியில் ஒரு பாட்டு முடிந்தது. இரண்டு போனும் ஒன்றாகக் கேட்க, இரண்டு பதிலும் ஒன்றாக அந்த இடத்தில் விழ, என் நிரல் ஒருவர் பதிலை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தது.

காதுகுத்து வீட்டில் தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்க, குழாயில் ஒப்பாரி கிளம்பியது. கூட்டாளி ஒயரைப் பிடுங்கிவிட்டான். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள், பிள்ளைக்குச் சுற்றிப் போட்டார்கள், அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள், அதோடு போயிற்று. சாவு வீட்டில் அப்படிப் போகவில்லை. வாய்க்கரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு இறந்தவரின் மனைவி, வயதான அம்மாள், புருஷனைக் குனிந்து பார்த்தபோது, தலைக்கு மேலே குத்துப் பாட்டு. தம்பி பின்னாலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் பாதிப் பாட்டு ஆகிவிட்டது.

பங்காளிகள் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். "குடிச்சிட்டு வந்து எழவு வீட்டுல கூத்தாடுறியாடா?" என்று இறந்தவரின் தம்பி கத்தினாராம். என் தம்பி கம்ப்யூட்டர் என்றோ அக்கா என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. "கை தவறி மாத்தி அமுக்கிட்டேன்" என்றான். அந்த அம்மாள் காலில் விழுந்தான். அப்புறம் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

சாயங்காலம்தான் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, பாட்டு மாறிருச்சுக்கா."

நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "லாக் ஃபைல அனுப்பு" என்றேன். நிரல் தன் போக்கில் எழுதி வைக்கும் குறிப்புகள் அவை. உன்னை அடித்தார்களா, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகு, நான் வந்து அந்த வீட்டில் சொல்கிறேன் என்றேன். "வேணாம்க்கா. நீ தலையிடாத. பேசப் பேசத்தான் பெருசாகும்" என்றான். அவன் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகப் போயிற்று. முதலில் இதைச் சரி செய்வோம், அப்புறம் பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவள் எழுந்திருக்கப் பத்து மாதம் ஆனது.

தவறு எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனால் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியவில்லை. என் போன், கணவர் போன், பழைய போன், பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் வாங்கிய போன் என்று நான்கையும் சமையல் மேடையில் வரிசையாக வைத்து, ஒன்றாக அழுத்திக்கொண்டே இருந்தேன். சரியான பாட்டையே கொடுத்தது. சனியன், சாவு வீட்டில் மட்டும்தான் மாற்றிக் கொடுக்குமா? பல நாள் கழித்து ஒரு காலையில், புளி கரைத்துக்கொண்டே ஈரக் கையால் அழுத்தியபோது, இரண்டு போன்கள் பாட்டை மாற்றிப் பாடின. நான் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. புளிக் கையோடு கண்ணைத் துடைக்க, அது வேறு எரிந்தது.

முதலில் பயத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய பூட்டாகப் போட்டேன். பாட்டு மாறவில்லை. ஆனால் ஒருவர் கேட்டு முடிக்கும்வரை மற்ற எல்லோரும் நின்றார்கள். உலகம் முழுக்க இருந்து திட்டு வந்தது. அதையும் பிரித்துப் போட்டு, அடியில் இருந்து திருத்த ஆரம்பித்தேன். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, பதில் எழுதத் தனி இடம். பாட்டுகளின் பொதுப் பட்டியலை யாரும் நேராகத் தொடக் கூடாது. புதுப் பாட்டு வந்தால் தனியாக வேறொரு பட்டியல் தயாரித்து, முடிந்த பிறகு ஒரே மூச்சில் பழையதை எடுத்துவிட்டு அதை வைக்க வேண்டும். சொல்ல நாலு வரி. செய்யும்போது ஒன்றைத் தொட்டால் ஒன்பது அவிழ்ந்தது. யாரோ எப்போதோ எழுதிய வரிகள், பாதிக்கு மேல் நானே எழுதியவை, எதற்கு எழுதினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வலது தோளில் ஒரு வலி வந்து குடியேறியது. கம்பெனி வீடியோ மீட்டிங்கில் ஒருமுறை நான் தூங்கி விழ, மேலதிகாரி கேமராவை அணைக்கச் சொன்னார்.

இதற்கிடையில் தம்பியை யாரும் கூப்பிடவில்லை. குடிகாரன் என்று பெயர் வந்துவிட்டது. திருத்துறைப்பூண்டியில் இருந்து வேறு செட்டை வரவழைத்தார்கள். சம்பா அறுவடைக்கு இவன் அறுவடை மெஷின் ஓட்டப் போனான். போனில் பேசினால் "நல்லாருக்கேன்க்கா" என்பான். எவ்வளவு தூரம் திருத்தியிருக்கிறேன் என்று நான் சொல்வேன். "சரிக்கா" என்பான்.

பங்குனியில் வேலை முடிந்தது. புதுப் பதிப்பை வெளியிட்டேன். முன்பைவிட வேகம், பாட்டு மாறவே மாறாது. யாரோ ஒருவர் பூங்கொத்துப் படம் அனுப்பினார். நான் பஸ் ஏறி ஊருக்குப் போய்த் தம்பி வீட்டுக் கணினியில் நானே ஏற்றிக் கொடுத்தேன். திரும்பும்போது அவன் கொட்டகையில் குழாய்கள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் பஸ் ஏற முடியவில்லை. நேராகச் சாவு நடந்த அந்தப் பக்கத்து ஊருக்கு நடந்தேன்.

அந்த அம்மாள் வாசலுக்கு எதிரே தார் ரோட்டில் உளுந்தைக் காயப் போட்டு, முறத்தில் அள்ளிப் புடைத்துக்கொண்டிருந்தார். தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் அக்கா என்றேன்.

"உக்காரு ஆயி" என்றார்.

உட்கார்ந்து சொன்னேன். "பெரியம்மா, அன்னிக்குப் பாட்டு மாறுனது என் தம்பி மேல தப்பு இல்லீங்க. அவன் குடிக்கவே இல்ல. பாட்டுப் போடுற கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்தது நான். அதுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை. புடைத்துக்கொண்டே பேசினார்.

"அவன் குடிக்கலன்னு எனக்குத் தெரியுமே. காலுல வுழுந்தான்ல, தூக்கி வுட்டது நான்தான. முப்பது வருசம் குடிகாரனோட குடும்பம் நடத்துனவ. வாடை தெரியாதா எனக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஏங்க நீங்க சொல்லல? அவன் பேரு கெட்டுப்போச்சே."

"அன்னிக்கு என் பேச்ச கேக்குற நெலமையிலயா இருந்தாங்க? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நாளு போயிடுச்சு. தப்புதான்." முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஏன் இத்தன நாளு சொல்லல?"

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வரலாம்னு இருந்தேங்க."

"எத?"

பத்து மாதம் தூக்கம் கெட்டு, தோளைக் கெடுத்துக்கொண்டு நான் சரி செய்தது எதை? மன்னார்குடியில் இருந்து ஒரு பஸ். ஐந்து நிமிடப் பேச்சு. அதைச் செய்யப் பயந்துகொண்டுதான் பூட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது. இல்லை, தோன்றியது என்பது மழுப்பல். அதுதான் உண்மை.

வைகாசியில் அவர் புருஷனுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். தம்பிதான் ரேடியோ கட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். என்னையும் வரச் சொன்னார். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெளியே வந்து, படத்துக்கு மாலை போடுவதற்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"போன வருசம் இந்தப் புள்ள குடிச்சிருந்தான்னு சொன்னீங்க. அவன் குடிக்கல. எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாதது என் தப்பு."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன்.

"பாட்டு மாறுனது என்னாலதாங்க" என்றேன். "அவன் எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்தான்."

அன்று சட்டையைப் பிடித்துக் கத்திய, இறந்தவரின் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்ப்யூட்டர் கோளாறா?"

"இல்லைங்க. கம்ப்யூட்டர் சரியாத்தான் செஞ்சுச்சு. நான்தான் தப்பா எழுதுனேன்."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என் தம்பியைப் பார்த்து, "நான் கை வெச்சது தப்புதாம்ப்பா. மனசுல வெச்சுக்காத. பாட்டப் போடு" என்றார்.

தம்பி ஆம்ப்ளிஃபையர் முன்னால் குனிந்தான். போன் அவன் கையில் இருந்தது. அதில் என் புதுப் பதிப்பு இருந்தது, ஒரு குறையும் இல்லாமல். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இன்னொரு பையில் இருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினான்.

"கோவிச்சுக்காதக்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.